பாய்மரத்தில் பிறந்த பேச்சு

ஆங்கில மரபுத்தொடர்களை நம் பிள்ளைகள் பட்டியலாகத்தான் படிக்கிறார்கள். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். தேர்வு முடிந்ததும் இரண்டும் மறந்துபோகும். எனக்கு இது பெரிய வருத்தம். தொடர் பிறந்த தொழிலைக் காட்டினால், பொருளோடு அதை எங்கே சொல்வது என்பதும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

ஆங்கிலேயர் கடலை நம்பி வாழ்ந்த தீவினர். அவர்கள் பேச்சில் கப்பல் நிறைய உண்டு. 'டேக்கன் அபேக்' என்றால் திகைத்துப்போவது. ஓடிக்கொண்டிருக்கும் பாய்மரக் கப்பலில் காற்று சட்டென்று மாறிப் பாயின் முன்பக்கம் அடிக்கும். பாய் பின்னால் போய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் அப்படியே நின்றுவிடும். எதிர்பாராதது வந்து மோதி, ஒரு கணம் பேச்சு நின்றுபோகும் நிலைக்குத்தான் இந்தத் தொடர். சாதாரண வியப்புக்கு இது பொருந்தாது.

'பை அண்ட் லார்ஜ்' என்பதும் மாலுமிப் பேச்சுதான். எதிர்க்காற்றை ஒட்டி ஓடுவது ஒன்று, காற்றைப் பின்னால் வாங்கி ஓடுவது இன்னொன்று. இரண்டு நிலையையும் சேர்த்துச் சொன்னது, 'மொத்தத்தில் பார்த்தால்' என்று ஆகிவிட்டது.

நான் மிக விரும்புவது 'நோ தி ரோப்ஸ்', அதாவது கயிறுகளை அறிந்திருப்பது. தொழிலின் நெளிவு சுளிவு தெரிந்தவரைச் சொல்வது. டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயத் தளபதி நெல்சன் நின்ற விக்டரி என்ற பாய்மரக் கப்பல் இன்றும் போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது. அதன் பாய்களுக்கும் மரங்களுக்கும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் கயிறு வேண்டியிருந்தது. எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்பதை நள்ளிரவிலும் புயலிலும் கை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் இந்தத் தொடரைச் சொல்லும்போது அவ்வளவு உழைப்பும் அதற்குள் இருக்கிறது.

பிறப்புக் கதை எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. பெருமழையைச் சொல்லும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' தொடருக்கு, கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் வழுக்கி விழுந்த கதையைச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை.

'கிக் தி பக்கெட்' தொடரின் பிறப்பும் உறுதியில்லை. பட்டியலில் 'இறந்துபோ' என்று மட்டும் இருக்கும். அதை நம்பி ஒரு மாணவர் இரங்கல் கடிதத்தில் எழுதினால் படிப்பவர் மனம் புண்படும். அது விளையாட்டாகச் சொல்வது. தொடரைத் திருப்பிப்போட்டு 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால், யாரோ வாளியை உதைத்தார்கள் என்பதே மிஞ்சும். ரகசியத்தை உடைப்பதைச் சொல்லும் 'ஸ்பில் தி பீன்ஸ்' அப்படியல்ல. திருப்பிச் சொன்னாலும் பொருள் நிற்கும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் பட்டியல் தரமாட்டேன். ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' தருவேன். அதில் மாலுமிகள் வாய் ஓயாமல் பேசுகிறார்கள்.