ஹிழ்ர் நபியின் மீன்

வெள்ளிக்கிழமைகளில் ஓதப்படும் கஹ்ஃபு அத்தியாயத்தில் ஒரு மீன் வருகிறது. மூஸா நபியும் அவருடைய பணியாளரும் வழிச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போன மீன். இரு கடல்கள் கூடும் இடத்தில், ஒரு பாறையருகே, அது நழுவிக் கடலுக்குள் போய்விடுகிறது. மறந்து நடந்தவர்கள் பசி வந்ததும் நினைவுவந்து, வந்த தடத்திலேயே திரும்புகிறார்கள். அங்கேதான் அவர் இருக்கிறார்: படகைச் சேதப்படுத்தி, சிறுவனைக் கொன்று, கூலி வாங்காமல் சாயும் சுவரை நிமிர்த்தி, கடைசியில் காரணம் சொல்லிப் பிரியும் அந்த விசித்திரமான மனிதர். குர்ஆனில் அவருக்குப் பெயரில்லை. ஹிழ்ர் என்று ஹதீஸ்தான் சொல்கிறது. அவர் உட்கார்ந்த வறண்ட நிலம் பசுமையானதாம்.

இங்கே மீன் சாப்பாடு. மிஞ்சினால் ஓர் அடையாளம். வட இந்திய ஓவியங்களிலோ பச்சை உடுத்த முதியவராக ஹிழ்ர் மீன்மேல் நின்று ஆற்றைக் கடக்கிறார். மூஸாவின் சாப்பாடு இவருக்கு எப்படி வாகனமாயிற்று? இதைத்தான் நான் தேடிப்போனேன்.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1934இல் ஹிழ்ர் பற்றி எழுதிய கட்டுரை அமுத ஊற்றுக்கு அழைத்துப்போனது. அங்கிருந்து கிரேக்க அலெக்சாந்தர் கதைக்கு. அதில் அரசனின் சமையல்காரன் கருவாட்டை ஓர் ஊற்றில் கழுவுகிறான். அது உயிர்பெற்று ஓடுகிறது. தானும் குடித்துவிட்டு அரசனிடம் மறைக்கிறான். சாக முடியாதவனை என்ன செய்வது? கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுகிறார்கள், அவன் கடல்பூதமாகிறான். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பிலும் மூஸாவின் மீன் உப்பிட்டதுதான்! ஃப்ரீட்லேண்டர் என்ற அறிஞர் 1913இலேயே இந்த ஒப்புமைக்கு ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார். இரண்டையும் முடிச்சுப்போட்டதில் பிற்கால விரிவுரையாளர்களுக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. எந்தப் பக்கம் வென்றாலும் மீன்மேல் ஆள் ஏறவில்லையே.

விடை சிந்து நதியில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சுக்கூருக்கும் ரோஹ்ரிக்கும் நடுவே, ஆற்றுத் தீவொன்றில், குவாஜா ஹிழ்ரின் தலம் இருக்கிறது. ஜிந்தா பீர், சாகாத ஞானி, என்பார்கள். சிந்தி இந்துக்களும் அவரை வணங்கினார்கள்; அவர்களுக்கு அவர் உடேரோலால், ஜூலேலால். ஜூலேலால் படத்தில் வெள்ளைத் தாடியோடு தாமரைமேல் அமர்ந்திருப்பார். தாமரைக்கு அடியில் பல்லா மீன். வாகனமில்லாத தெய்வம் நம் பக்கத்து ஆட்களுக்குச் சரிப்பட்டு வராது. மகரத்தின்மேல் வருணனை அமர்த்திய நாட்டில், மீன் கதையோடு வந்துசேர்ந்த ஒருவரை எத்தனை நாள் நடக்கவிடுவார்கள்? வங்காளத்திலும் அவர் தண்ணீருக்கு உரியவர்தான். முர்ஷிதாபாத்தில் பாத்ர மாதக் கடைசி வியாழனன்று அவர் பெயரால் பாகீரதியில் விளக்கேற்றிய தெப்பங்களை மிதக்கவிடுகிறார்கள்.

அந்தப் பல்லா வேறு எதுவுமில்லை, வங்காளிகளின் ஹில்சா. நம்மூரில் உள்ளம் மீன். கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் மீன். உப்புநீரும் நன்னீரும் அதற்கு ஒன்றுதான். இரு கடல் கூடும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான மீனை யாரும் தேடிப்பிடிக்க முடியாது. பல்லா ஜிந்தா பீரைத் தரிசிக்கத்தான் ஏறி வருகிறது, திரும்பும்போதுகூட அவர் பக்கம் வாலைக் காட்டாது என்று சிந்து மீனவர்கள் நம்பினார்கள்.

1932இல் சுக்கூரிலேயே கதவணை எழுந்தது. 1955இல் மிகக் கீழே, கோட்ரியில், இன்னொன்று. கோட்ரியைத் தாண்டி மேலேறும் பல்லா இப்போது அரிது. சுக்கூர் சந்தைக்கு அது வேண்டுமென்றால் கீழேயிருந்து பனிக்கட்டிப் பெட்டியில்தான் வரவேண்டும்.