இரைச்சல் எங்கிருந்து வருகிறது

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த நான், மீனம்பாக்கத்தில் பயிற்சி விமானங்களின் ரேடியோவைப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது மீட்டரும் சால்டரிங் அயர்னும்தான். ரேடியோவில் இரைச்சல் என்று பைலட் எழுதி வைத்திருந்த ஒரு நாள், மூத்த டெக்னீஷியன் பெட்டியைக் கழற்ற விடவில்லை. செஸ்னா 152-இன் வலது இருக்கையில் உட்கார வைத்து, ஹெட்செட்டை மாட்டிவிட்டார்.

"எதையும் தொடாதே தம்பி. எஞ்சின் ஏற ஏற சத்தம் என்ன பண்ணுதுன்னு மட்டும் சொல்லு."

மெல்லிய கீச்சொலி. எஞ்சின் வேகம் கூடக் கூட அதன் சுருதியும் ஏறியது. "ஏறுது சார்" என்றேன். ஆல்டர்னேட்டர் சுவிட்சை அணைத்தார், கீச்சொலி நின்றது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, டக் டக்கென்று. 1,700 சுற்றில் வைத்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களின் சாவியைத் திருப்பினார். இடதில் கேட்டது; வலதில் இல்லை. இடது மேக்னெட்டோ வயரின் மேல் கவசம் அறுந்திருந்தது. ஒரே புகாருக்குள் இரண்டு கோளாறுகள்.

இன்னொரு சோதனையும் அவரிடம் கற்றேன். ஆண்டெனா வயரைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். இரைச்சல் போனால் அது காற்று வழியாக வருகிறது. போகாவிட்டால் பெரும்பாலும் மின்கம்பி வழியாக. அந்த நேரத்தில் பேசும் பட்டனை மட்டும் அழுத்தவே கூடாது.

விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, இன்றும் ஏ.எம். முறையில்தான் நடக்கிறது. தீப்பொறிகளின் சத்தம் இதில் எளிதாக ஏறிக்கொள்ளும். எஃப்.எம்.மில் அவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்த குரல் மற்றதை விழுங்கிவிடும். ஏ.எம்.மில் இரண்டும் மோதி விசிலடிக்கும். இன்னொருவரும் கூப்பிடுகிறார் என்று டவருக்குத் தெரியும். அதற்காக இரைச்சலைச் சகித்துக்கொள்ளலாம் என்பதே என் எண்ணம். ஆனால் முதன்முறை தனியாகப் பறக்கும் பையனுக்கு, இறங்காதே, மேலே போ என்று டவர் சொல்வது கேட்காமல் போகக் கூடாது. அந்த நினைப்பு என்னைத் தூங்க விடாத இரவுகள் உண்டு.

நம் ஊரில் உப்புக் காற்று வேறு. பட்டினப்பாக்கத்து ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டெனாவின் அடியும் விமானத்தின் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும்; எர்த் போய்விடும். ரிச்சி தெருவில் ஃபில்டர் வாங்கி மாட்டினால் இது தீராது. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மறுபடி முறுக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு மந்தைவெளி வீட்டில், சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸில் இதே வேலை. அதுவும் ஏ.எம்.தான். பேட்டரி ரேடியோவை வைத்துக்கொண்டு மெயினை அணைத்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அப்படியானால் என் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு மாமியும் கேட்டதும் அணைத்தார், அங்கும் இல்லை. ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பி திசை காட்டும்: பெட்டியை மெல்லத் திருப்பினால், கம்பியின் முனை இரைச்சலின் பக்கம் திரும்பும்போது சத்தம் அடங்கும். இரண்டு இடங்களில் நின்று பார்த்ததில் படிக்கட்டு எல்.இ.டி. விளக்கு அகப்பட்டது. அதற்குள் இருக்கும் மலிவான சர்க்யூட், நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. விளக்கை மாற்றியதும் நாகஸ்வரம் தெளிவாகக் கேட்டது.

லிஃப்ட் ஓடும்போது வரும் உறுமல் இன்னும் பாக்கி. மோட்டார் அறைச் சாவி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.