ஃபிரிட்ஜுக்குள் வண்டிச் சாவி

பெரியம்மாவைப் பேட்டி எடுக்க உட்கார்ந்த அன்று என் தம்பி மகள் கேட்ட முதல் கேள்வி: "பெரியப்பா, உங்க வண்டிச் சாவி எங்க?" கொடுத்தேன். ஃபிரிட்ஜைத் திறந்து தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஃபிரிட்ஜின் சுவிட்சை அணைத்தாள். அது முனகுகிற முனகல் பேட்டியில் விழக்கூடாதாம். சாவி உள்ளே இருந்தால் கிளம்பும்போது கதவைத் திறந்தே ஆகவேண்டும். உள்ளே விளக்கு எரியாது. சுவிட்ச் ஞாபகம் வரும், பால் கெடாது. விஸ்காம் படிக்கிறவள். வருவாய்த் துறையில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன் நான். இவ்வளவு உருப்படியான சுற்றறிக்கை ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை.

பெரியம்மாவுக்கு எண்பத்துமூன்று. வட ஒத்தவாடைத் தெருவில் வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை போட்டு நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவர். தீபத்துக்கு முந்தின ராத்திரி முழுக்கக் கல்லுரலில் மாவாட்டிய கதையை ஒவ்வொரு கார்த்திகைக்கும் சொல்வார். ஒவ்வொரு கார்த்திகைக்கும் அரிசி இரண்டு படி கூடும். இன்னும் ஏறுவதற்குள் பதிவு செய்துவிடலாம் என்றுதான் இதில் இறங்கினேன்.

படம் எடுப்பது என்றால் படம் எடுப்பது என்று நினைத்திருந்தேன். இல்லையாம், சத்தம் எடுப்பதாம். முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள், பேச்சு இரைந்தால் எழுந்து போய்விடுவார்கள் என்றாள். திருவண்ணாமலையில் சத்தத்துக்கு எங்கே ஒளிவது? பௌர்ணமி என்றால் பதினாலு கிலோமீட்டருக்கும் அரோகரா. மற்ற நாளில் பஸ் ஹாரன், கோயில் மணி, தகரக் கூரையில் குரங்குகள். ஜன்னலைச் சாத்தினோம். அறை இருட்டிவிட்டது. டியூப் லைட்டைப் போட்டோம். போன் திரையில் பெரியம்மாவின் முகத்தின் மேல் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் ஊர்ந்தன. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நொடிக்கு இருபத்தைந்து பிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று மாற்றியதும் பட்டை ஓடிவிட்டது. ஆனாலும் டியூப் லைட் வெளிச்சத்தில் பெரியம்மா நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி இருந்தார். கடைசியில் ஜன்னலைத் திறந்து, வெளிச்சம் கன்னத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டோம். குரங்குகள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாகிவிட்டது.

காலர் மைக்கைக் குத்தக் காலர் வேண்டுமே. முந்தானையில் குத்தினால் ருத்திராட்ச மாலை வந்து வந்து இடித்தது. மாலையைக் கழற்றச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியமில்லை. தோள் பக்கம் ஏற்றிக் குத்தி, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் எடுத்தோம்.

அன்று ராத்திரி ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் என் குரல் எவ்வளவு பெரிய தொந்தரவு என்று தெரிந்தது. பெரியம்மா நாலு வார்த்தை சொன்னால் நடுவில் ஒரு "ம்ம்". அடுத்து ஒரு "ஆமா ஆமா". பிறகு ஒரு "அடேங்கப்பா". அவர் ஒரு பெயரை யோசிக்க நிறுத்தினால் நான் எடுத்துக் கொடுக்கிறேன், அதுவும் தப்பான பெயரை. இன்னோர் இடத்தில் கேட்கிறேன்: "விடியக்காலம் எத்தனை மணிக்கு எழுந்திருப்பே?" அவர் சொல்கிறார்: "மூணு."

"இந்த 'மூணு'வை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் தம்பி மகள். "உங்க கேள்வியை வெட்டிட்டா யாருக்குப் புரியும்? 'காத்தால எழுந்ததுலேருந்து சொல்லு'ன்னு விட்டுடுங்க. வாயை மூடிகிட்டுத் தலையை மட்டும் ஆட்டுங்க."

இரண்டாம் நாளும் எடுத்தோம். தலையை மட்டும் ஆட்டினேன். கழுத்து வலித்தது.

கேள்வியை வெட்டிவிட்டு, பதில் தானாகப் பொங்கி வந்த மாதிரி காட்டுவது. இதை எங்கோ செய்திருக்கிறோமே என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கோ என்ன, பிழைப்பே அதுதானே! ஒரு தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் வாக்குமூலம் எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்பது நான், தாளில் கேள்வி இருக்காது. எதிரே நிற்கிற அம்மாள் "எம் மாமனாரு வாய்க்காங்கரையில நின்னு கையை நீட்டிக் காட்டுனாருங்க" என்பாள். நான் எழுதுவேன்: "என் மாமனார் மேற்படி நிலத்தின் நான்கெல்லைகளையும் எனக்குச் சுட்டிக்காட்டினார்." வாய்க்கால் போயிற்று, நீட்டிய கை போயிற்று, அவள் சொல்லாத நான்கெல்லை வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு அதை அவளுக்கே படித்துக் காட்டி, சரி என்று கைநாட்டும் வாங்கிக்கொள்வோம்.

என் துறையைச் சேர்ந்த இன்னொருவர் இந்த ஊரில் எடுத்த பேட்டி ஒன்று உண்டு. தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறை ஊழியர், பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை, தத்துவம் படித்தவர். 1902-இல் அலுவல் காரியமாக இங்கே வந்தவர், மலையில் விரூபாட்ச குகையில் ஓர் இளைஞர் பேசாமல் உட்கார்ந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஏறிப் போனார். அந்த இளைஞர்தான் ரமணர், அப்போது இருபத்திரண்டு வயது. வந்தவர் ஊர் பேர் விசாரிக்கவில்லை. நான் யார் என்று ஆரம்பித்தார். எந்தப் பேட்டியாளனும் பயப்படுகிற கேள்வி, ஒரே சொல்லில் பதில் வந்து விழுந்துவிடலாம். எதிரே இருப்பவரோ வாயே திறப்பதில்லை. மணலில் விரலால் எழுதிக் காட்டினார், பிறகு சிலேட்டில், பிறகு காகிதத்தில். அன்று ஒரு மைக் இருந்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளையின் குரல். மணலில் விரல் போகிற சத்தம். அப்புறம் மலைக்காற்று. தம்பி மகள் கேட்டால் சந்தோஷப்படுவாள், இரைச்சலே இல்லாத பதிவு.

ஏறத்தாழ அதே காலத்தில் கம்பீரம் சேஷய்யர் என்று இன்னொருவர், இந்த ஊர் நகராட்சியில் ஓவர்சியர். அவரும் ரமணரிடம் கேட்டுக் கேட்டு, துண்டுக் காகிதங்களில் வந்த பதில்களைச் சேர்த்து வைத்தார். அதுதான் விசார சங்கிரகம் என்கிற நூல். ஊரில் சாஸ்திரம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். குறிப்பெடுத்து வைத்தது ஒரு ரெவின்யூ ஆளும் ஒரு ஓவர்சியரும். எனக்கு இதில் கொஞ்சம் ஜாதிப் பெருமை, உத்தியோக ஜாதி.

ஆனால் பிள்ளையின் கையிலும் வாக்குமூலப் புத்தி இருந்திருக்கிறது. "நான் யார்?" புத்தகமானது 1923-இல், இருபத்தோரு வருஷம் கழித்து. (பேட்டி முடிந்து இருபத்தோரு நிமிஷத்தில் ஏற்றாவிட்டால் இப்போது பிள்ளைகளுக்குக் கை நடுங்குகிறது.) அதில் உடம்பு நானல்ல, புலன்கள் நானல்ல என்று நீண்டுபோகிற ஒரு பட்டியல் உண்டு. கையெழுத்துப் பிரதியைப் பார்த்த ரமணர், இதை நான் சொல்லவில்லையே, எப்படி வந்தது என்று கேட்டாராம். படிக்கிறவர்களுக்கு விளங்கட்டும் என்று பிள்ளைதான் சேர்த்திருந்தார். நான்கெல்லைகளையும் சுட்டிக்காட்டிவிட்டார் மனுஷர்! ரமணர் அடிக்கச் சொல்லவில்லை. பட்டியல் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது.

அதற்குமேல் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. பிற்பாடு ரமணரே அந்தக் கேள்வி பதிலை எடுத்து, கேள்விகளையெல்லாம் நீக்கிவிட்டு, தொடர்ந்து ஓடுகிற உரைநடையாக எழுதினார். முன்னால் புதிதாக ஒரு பத்தி சேர்த்துக்கொண்டார். பேட்டி கொடுத்தவரே எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து, பேட்டி எடுத்தவரின் குரலைச் சுத்தமாக வழித்தெடுத்திருக்கிறார். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் புத்தகக் கடையில் இரண்டும் கிடைக்கும். சின்னப் புத்தகத்தில் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறார். ரமணர் எழுத்துகளின் தொகுப்பான நூற்றிரட்டைப் புரட்டினால் கட்டுரையில் அவர் கேள்வி ஒன்றுகூட இல்லை. நான் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படிக்கிறேன். கேள்வி இருக்கிற பிரதியில் பதில் ஒருவருக்குச் சொன்ன மாதிரி இருக்கிறது. இல்லாத பிரதியில் எல்லாருக்கும் சொன்ன மாதிரி.

படத்திலும் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏ.கே. செட்டியார் உலகமெல்லாம் அலைந்து சேர்த்தது 50,000 அடிப் படச்சுருள். 1940-இல் திரைக்கு வந்தது 12,000 அடி. நாங்கள் இரண்டு நாளிலும் எடுத்தது மூன்றேகால் மணி நேரம், நின்றது ஒன்பது நிமிஷம். வெட்டின இடம் குதித்துத் தெரியாமலிருக்க மேலே பெரியம்மாவின் கை, இட்லிக் குண்டான், துணி போட்ட தட்டு என்று ஒட்டவைத்தாள். அதற்காக அவரைத் தனியே ஒருநாள் மாவு கரைக்கச் சொல்லி எடுத்தோம். "இன்னாடா இது, ஊத்தாத இட்லிக்கு மாவு" என்று கரைத்தார்.

இரண்டாம் நாள் பதிவில் ஓரிடம். "அந்த வருசம் தீபத்துக்குக் கடை போடல" என்று சொல்லிவிட்டு பெரியம்மா நிறுத்திவிட்டார். அது எந்த வருஷம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். முதல் நாளாக இருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். தலையை ஆட்டவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா ஜன்னலைப் பார்த்தார், மாலையில் ஒரு மணியை உருட்டினார். தகரத்தில் ஒரு குரங்கு நடந்து போயிற்று. "செரி, அத வுடு" என்றார். பதினாலு விநாடி. ஒன்பது நிமிஷத்தில் பதினாலு விநாடி தண்டம் என்று நான் சொன்னேன். தம்பி மகள் பதில் சொல்லவில்லை, வெட்டவுமில்லை.

படத்தை பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார்.

"நீ எங்கடா?"

"நான் இல்ல பெரியம்மா. என் கேள்வியெல்லாம் எடுத்தாச்சு. அப்படித்தான் எடுப்பாங்க."

"எடுத்துட்டா? யாருமே கேக்காம நானா உக்காந்து பொலம்புற மாரி இருக்குது. பாக்குறவன் இன்னா நெனைப்பான், கெழவிக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளில்லன்னு நெனைக்க மாட்டான்?"

தம்பி மகள் என்னைப் பார்த்தாள். அன்று ராத்திரியே முதல் நாள் பதிவில் தேடி என் கேள்வி ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டாள். நல்ல கேள்வி நாலைந்தாவது இருந்திருக்கும். அவள் எடுத்தது, "சட்னி என்ன சட்னி?"

ஃபிரிட்ஜ் சுவிட்சை இரண்டு நாளும் மறக்காமல் போட்டோம். சாவியை மட்டும் இரண்டாம் நாள் உள்ளேயே விட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு தேரடி வரை வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.