ஒருநாள்கூட மஞ்சள் ஜெர்ஸி அணியாத நாயகன்!

‘டூர் டி பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயத்தில், மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவருக்குத் தினமும் மாலையில் மஞ்சள் ஜெர்ஸி அணிவிப்பார்கள். அந்த ஜெர்ஸியை ஒரே ஒருநாள்கூட அணியாமலே பிரான்ஸ் மக்களின் செல்லப்பிள்ளை ஆனவர், ரேமோன் பூலிடோர்.

1936-ல், மத்திய பிரான்ஸின் க்ரூஸ் பகுதியில், குத்தகை நிலத்தில் பாடுபட்ட விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1960-ல் மெர்சியே அணியில் சேர்ந்தவர், 1977-ல் ஓய்வு பெறும்வரை அணி மாறவே இல்லை. 14 முறை டூரில் கலந்துகொண்டார். மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். முதலிடம் மட்டும் கிடைக்கவே இல்லை.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஆண்டு, 1964. மொனாக்கோவில் இன்னும் ஒரு சுற்று பாக்கியிருப்பது தெரியாமல், முன்கூட்டியே முழு வேகத்தில் பாய்ந்துவிட்டார். அன்றைய வெற்றியும் ஒரு நிமிட போனஸும் ஜாக் ஆங்க்தில் வசம் போயின. டூலூஸ் செல்லும் வழியில் சைக்கிளை மாற்றியபோது, மெக்கானிக் அவசரமாகத் தள்ளிவிட, கீழே விழுந்தார்.

ஜூலை 12 அன்று, புய் த டோம் எரிமலைச் சரிவில் இருவரும் தோளோடு தோள் உரச ஏறினார்கள். கடைசி நேரத்தில் பூலிடோர் முந்தினார். ஆனாலும், வெறும் 14 விநாடிகளில் மஞ்சள் ஜெர்ஸியைக் காப்பாற்றிக்கொண்டார் ஆங்க்தில். பாரிஸில் பந்தயம் முடிந்தபோது இருவருக்கும் இடைவெளி 55 விநாடிகள். மொனாக்கோவில் கைநழுவிய போனஸைவிடக் குறைவு!

சோதனை அதோடு விடவில்லை. 1968-ல் பந்தய மோட்டார் சைக்கிள் மோதி, மூக்கு உடைந்து வெளியேறினார். 1973-ல் முதல் நாள் ஓட்டத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் மஞ்சள் ஜெர்ஸியைத் தவறவிட்டார்.

அதற்காக அவரைத் தோற்றவர் என்று சொல்லிவிட முடியாது. 1961-ல் மிலன் - சான் ரெமோ, 1964-ல் ஸ்பெயினின் வுவெல்ட்டா பந்தயங்களில் வென்றவர். 38 வயதில் எடி மெர்க்ஸுக்கு அடுத்து இரண்டாமிடம், 40 வயதில் மூன்றாமிடம் பிடித்தவர்.

ஐந்து முறை டூரை வென்றவர் ஆங்க்தில். ஆனால், சாலையோரக் கூட்டம் ‘பூபூ’ என்று பூலிடோரைத்தான் கூப்பிட்டது. விழுந்தால் எழுந்து, அடுத்த ஆண்டும் வந்து நிற்பவரிடம் ஜனங்கள் தங்களையே பார்த்தார்கள். எப்போதும் இரண்டாமிடத்தில் நிற்பவரை ‘பூலிடோர்’ என்று அழைக்கும் வழக்கமே பிரெஞ்சில் வந்துவிட்டது. களத்தில் மோதிய ஆங்க்திலும் பின்னாளில் நல்ல நண்பரானார்.

ஓய்வுக்குப் பின், மஞ்சள் ஜெர்ஸிக்கு ஸ்பான்சர் செய்யும் வங்கியின் விளம்பர முகமாக, மஞ்சள் சட்டையிலேயே ஆண்டுதோறும் டூருக்கு வந்தார். ரசிகர்களுக்குச் சலிக்காமல் ஆட்டோகிராஃப் போட்டார். 2019 நவம்பரில், 83 வயதில் மறைந்தார்.

அவருடைய மகளைக் கைப்பிடித்த நெதர்லாந்து வீரர் ஆட்ரி வான் டெர் பூல், 1984-ல் ஒருநாள் மஞ்சள் ஜெர்ஸி அணிந்தவர். மருமகனுக்குக் கிடைத்தது, மாமனாருக்குக் கிடைக்கவில்லை.

2021 ஜூன் 27. பேரன் மத்தியூ வான் டெர் பூலுக்கு அது முதல் டூர், இரண்டாவது நாள். மூர் த பிரத்தாயின் மலையேற்றத்தில் எல்லோரையும் முந்தி, விரலை வானை நோக்கி உயர்த்தியபடி எல்லைக்கோட்டைக் கடந்தார். தாத்தாவை நினைத்து அழுதார்.

அவர் வாங்கிய மஞ்சள் ஜெர்ஸி, ஆறு நாள்கள் அந்தக் குடும்பத்திடமே இருந்தது.