கீபோர்டும் பென் டிரைவும்



மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்குக் கீபோர்டோடு என்ன வேலை என்று தங்களில் சிலர் வியப்படையக் கூடும். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்துகளைத் தாங்கள் அறிவீர்கள். அந்த ஆய்வுக்கு இது இடமன்று. அண்டை வீட்டாரின் பிழைப்புக்கு ஓர் இடர் வந்தபோது நான் கண்டறிந்தவற்றைச் சொல்வதே என் நோக்கம். இதே செய்தி தங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும், ஏன், சில பள்ளிவாசல்களில் மாட்டியிருக்கும் தொழுகை நேரக் கடிகாரத்திற்கும்கூடப் பயன்படலாம்.

காசிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டார் கிறிஸ்தவர்கள். தாயார் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்பவர். மகன் ஞாயிறு காலையில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர். மற்ற நாட்களில் கானா மேடைக்கும் போவார். நம்மவர் வீட்டுத் திருமண வரவேற்புகளில், 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்களின் பாடல்களைப் பாடும் குழுவோடும் போவார். கருவியை மாதத் தவணையில் வாங்கியிருந்தார். பாட்டின் நடுவே தாளத்தை மாற்றினால் அது சில நேரம் அப்படியே நின்றுவிடும். மேடையில் ஆயிரம் பேர் முன்னிலையில் அவ்வாறு நின்றால் அடுத்த முறை யார் அழைப்பார்கள்? நிறுவனம் வெளியிட்ட புதிய ஃபர்ம்வேரில் இந்தக் குறை நீக்கப்பட்டிருப்பதாக அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தது. ஆகவே பதிவிறக்கம் செய்து, பென் டிரைவில் போட்டு, கருவியில் சொருகியிருக்கிறார்.

“பாய், ஃபைலே இல்லேன்னு காட்டுது. ரிப்பேர் பண்றவரு போர்டு போயிடுச்சு, பன்னண்டாயிரம் ஆவும்ங்கறாரு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்று ஓர் இரவு இஷாவுக்குப் பின் என்னிடம் வந்து நின்றார்.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். மின்னணுவியல் படித்தவன் அல்லன். ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டி ஏட்டைப் பொறுமையாக வரிக்கு வரி படிக்கத் தெரியும், அவ்வளவே. ஆனால், அந்தப் பொறுமைதான் இங்கே முக்கால் பங்கு வேலையாகும்.

முதலில் ஃபர்ம்வேர் என்றால் என்னவென்று பார்ப்போம். 1967இல் ஆஷர் ஓப்ளர் என்பவர் இச்சொல்லை ஒரு கணினி இதழில் முதன்முதலாக ஆண்டார். கையால் தொடக்கூடிய பாகத்திற்கும், எளிதில் மாற்றக்கூடிய மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்பது பொருள். கட்டையை அழுத்தினால் எந்த ஒலி எழ வேண்டும், பொத்தானைத் தொட்டால் எந்தத் தாளம் மாற வேண்டும் என்று கருவிக்குள் இருந்து ஆணையிடும் நிரல் அது. 1983இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற டிஎக்ஸ்7 போன்ற கருவிகளில் இந்த நிரலை மாற்ற வேண்டுமானால், மூடியைக் கழற்றிச் சில்லையே பிடுங்கி வேறொன்று பொருத்த வேண்டியிருந்தது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அந்தத் தொல்லையை ஒழித்தது. மின்சாரத்தாலேயே அழித்து, மின்சாரத்தாலேயே எழுதலாம். தங்கள் சட்டைப் பையில் கிடக்கும் பென் டிரைவும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

இனி, அந்த இளைஞரின் விஷயத்திற்கு வருவோம். “ஃபைல் இல்லை” என்று கருவி சொல்லுமானால் அதன் மூளை வேலை செய்கிறது என்றுதானே பொருள்? தேடிப் பார்த்து, காணவில்லை என்று அறிவிக்கிறது. போர்டு பழுதாகியிருந்தால் அதைச் சொல்லவும் அதற்கு நாவிருக்காது. எனவே குற்றவாளியைக் கருவிக்குள் தேடாமல், பென் டிரைவில் தேடினோம்.

அவருடையது 64 ஜிபி. இவ்வளவு பெரியவற்றில் பல, எக்ஸ்ஃபேட் என்னும் முறையில் அமைக்கப்பட்டே கடைக்கு வருகின்றன. அது 2006இல் வந்த முறை. கீபோர்டுகளில் பலவற்றுக்கு 1996இல் வந்த ஃபேட்32 என்னும் பழைய முறைதான் புரியும். உருது எழுத்து அறியாதவரிடம் உருதுக் கடிதத்தை நீட்டியது போல, கருவி வெற்றுத்தாளாகவே அதைப் பார்க்கிறது. விண்டோஸ் கணினியின் ஃபார்மட் பெட்டியோ நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்டவற்றை ஃபேட்32 ஆக்கித் தர மறுத்து வந்தது. ஆகவே 8 அல்லது 16 ஜிபி கொண்ட சிறிய பென் டிரைவ் ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிய வழி. ஃபார்மட் செய்தால் அதில் உள்ளவை யாவும் அழிந்துவிடும் என்பதை மறந்துவிடலாகாது. அவர் இரண்டு ஆண்டுகளாகச் சேகரித்த தாளங்கள் அனைத்தும் அந்த 64 ஜிபியில்தான் இருந்தன. நல்லவேளையாக அதில் எவரும் கை வைத்திருக்கவில்லை.

என் மாணவன் ஒருவனின் வீட்டில் பயனின்றிக் கிடந்த 8 ஜிபி பென் டிரைவை வாங்கி வந்து ஃபார்மட் செய்தோம். கடல் காற்றில் அதன் பித்தளை முனை கறுத்திருந்தது. உலர்ந்த துணியால் துடைத்தோம். எங்கள் பகுதியில் உப்பு எதைத்தான் விட்டு வைத்தது!

அதன் பின்னும் கருவி அதே பதிலைத்தான் சொன்னது. அப்போதுதான் கோப்பின் பெயரை உற்றுப் பார்த்தோம். கைப்பேசியில் இரண்டு முறை பதிவிறக்கியதால், பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்ற எண் தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. கருவியோ நிறுவனம் வைத்த பெயரை எழுத்துக்கு எழுத்து எதிர்பார்க்கிறது. மேலும், அக்கோப்பு ஓர் உறைக்குள், அதாவது ஃபோல்டருக்குள் கிடந்தது. இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை பென் டிரைவின் முதல் தளத்தில் மட்டுமே பார்க்கும். உள்ளறைகளைத் திறந்து தேடாது. சிலர் ஜிப் கட்டையே அவிழ்க்காமல் அப்படியே போட்டுவிடுகிறார்கள். அதுவும் ஆகாது.

மாதிரி எண்ணிலும் ஏமாறுவோர் உண்டு. யமஹாவில் பி.எஸ்.ஆர்-ஈ என்றும், தபேலா, தம்பூரா போன்ற நம் நாட்டு ஒலிகளைக் கொண்ட பி.எஸ்.ஆர்-ஐ என்றும் வரிசைகள் உள்ளன. ஓர் எழுத்துத்தானே என்று ஒன்றன் கோப்பை மற்றொன்றுக்குக் கொடுக்கலாகாது. தாளக் கோப்பு, ஒலித் தொகுப்பு, ஃபர்ம்வேர் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதையும் கடைக்காரர்களே பல வேளைகளில் பிரித்துச் சொல்வதில்லை. துளையும் இரண்டு வகை: கணினியோடு இணைக்கும் சதுரத் துளைக்கு ‘டு ஹோஸ்ட்’ என்றும், பென் டிரைவுக்கான தட்டைத் துளைக்கு ‘டு டிவைஸ்’ என்றும் எழுதியிருக்கும். தட்டைத் துளையே இல்லாத கருவிகளும் உள்ளன. அவற்றில் புதுப்பிக்க வழி இருக்குமானால், அது கணினி வழியாகத்தான் இருக்கும்.

பெயரைத் திருத்தி, கோப்பை வெளியே வைத்து, கணினியிலிருந்து முறைப்படி ‘எஜெக்ட்’ கொடுத்து எடுத்தோம். ஆனால், உடனே தொடங்க நான் இசையவில்லை. அது மழைக்காலம். மின்சாரம் எங்கள் வடசென்னையின் அத்திப்பட்டு அனல் நிலையத்தில் பிறந்தாலும், எங்கள் தெருவுக்கு வரும்போது அதற்கு நூறு தடைகள்! பழையதை அழித்துப் புதியதை எழுதும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால், கருவி பாதி எழுதிய ஏடாகிவிடும். அப்படி ஆனாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். பல கருவிகளில் தொடக்க நிரல் மட்டும் அழியாமல் தனியே இருக்கும். அதே பொத்தான்களை அழுத்தியபடி மீண்டும் முயலலாம். ஆயினும் அந்த அதிருஷ்டத்தை நம்பி யார் இறங்குவது?

மதரஸாவில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் அது வக்ஃபுச் சொத்து. என் விருப்பத்திற்கு அதைப் பயன்படுத்த எனக்கு உரிமை இல்லை. தெருமுனைத் தையற்கடைக்காரர் தம் கடை இன்வெர்ட்டரைத் தந்து உதவினார். அவருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக!

வழிகாட்டி ஏட்டில் கூறியிருந்த பொத்தானை அழுத்திக்கொண்டே கருவியை இயக்கினார் இளைஞர். திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. நாற்பதில் சற்று நேரம் அசையாமல் நின்றது. அவர் கை பென் டிரைவின் பக்கம் போயிற்று. “தம்பி, தொடாதீங்க” என்றேன். தையற்கடைக்காரரும் தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தார். நூறை எட்டி, ‘முடிந்தது’ என்று காட்டிய பின்னரே மூவரும் மூச்சு விட்டோம்.

கருவியை அணைத்து மீண்டும் இயக்கி, அமைப்புப் பக்கத்தில் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று சரிபார்த்தோம், மாறியிருந்தது. தாளத்தை இருபது முறையாவது மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு முறைகூட நிற்கவில்லை.

எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறை ஏதுமின்றி ஓடும் கருவியைப் புதியது என்ற ஆசைக்காக மட்டும் புதுப்பிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நிகழ்ச்சிக்கு முந்தைய நாளில் அறவே கூடாது. நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறு எவர் அனுப்பிய கோப்பையும் ஏற்கவும் கூடாது. புதுப்பிக்கும்போது நாம் பதிந்து வைத்த அமைப்புகள் அழிந்துபோவதும் உண்டு. இளைஞரின் பதிவுகளும் போயின. ஆனால், தொடங்குமுன் அவற்றை இன்னொரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தோம். மறுநாள் காலை, தாயார் துறைமுகத்திலிருந்து திரும்பும் முன்னரே, எல்லாவற்றையும் பழையபடி ஏற்றிவிட்டார். பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பேச்சை அந்த அம்மையார் இன்றுவரை அறியார்.