சிவப்புச் சிறகின் முகவரி

காலை நிகழ்ச்சியில் ஒருநாள், "தும்பியை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று நேயர்களிடம் கேட்டேன். தட்டான், தட்டாம்பூச்சி, தட்டாரப்பூச்சி, ஊசித்தட்டான் என்று அழைப்புகள் குவிந்தன. பகாவிலிருந்து பேசிய ஓர் அம்மா மட்டும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: "தோட்டத்துல சிவப்புச் சிறகோட ஒண்ணு பறக்குமே, அது இப்ப எங்கம்மா போச்சு?"

எனக்கும் அதைத் தெரியும். ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில்தான் என் பாட்டி வீடு. பின்பக்கக் கால்வாயின் ஓரப் புல்லில் அது உட்கார்ந்திருக்கும். ஆணுக்கு நான்கு சிறகும் கருஞ்சிவப்பு. நுனி மட்டும் கண்ணாடிபோல் இருக்கும். பெண்ணுக்கு அந்தச் சிவப்பு கிடையாது. வெளிறிய சிறகும் பழுப்பு மஞ்சள் உடலுமாக, வேறொரு பூச்சியோ என்று நினைக்க வைக்கும்.

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பார் பாட்டி. இதுவோ வெயில் கொளுத்தும் நாளிலும் புல்லுக்குச் சற்று மேலேதான், பட்டாம்பூச்சிபோலத் தத்தித் தத்திப் பறக்கும். "இவன் பேச்சை நம்பித் துணியை எடுக்காதே" என்று அவரே சிரிப்பார்.

இதன் அறிவியல் பெயர் நியூரோதெமிஸ் ஃபிளக்சுவான்ஸ். நியூரோதெமிஸ் என்பது குடும்பப் பெயர் மாதிரி. சிறகில் நரம்புகள் வலைபோல நெருங்கியிருப்பது அந்தக் குடும்பத்தின் அடையாளம். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடக்கு வரை பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வயல்வெளிகளில் பறப்பது டுல்லியா. ஆணின் சிறகில் பாதி கருநீலம், அடுத்து ஒரு வெள்ளைப் பட்டை. செம்பழுப்பு நிற ஃபுல்வியாவுக்கு ஈரமான காட்டோரம் பிடிக்கும். ஸ்டிக்மாட்டிசான்ஸ் நியூகினியிலும் வட ஆஸ்திரேலியாவிலும் வாழ்கிறது. நம் சிவப்புச் சிறகுக்கு வேண்டியது தேங்கிய நீர், கரையில் புல், மேலே வெயில்.

நீர் ஏன் வேண்டும்? தும்பி முட்டையிடுவது அங்கேதான். இளம்பூச்சி நீருக்கடியில் கொசுப்புழுக்களையும் பிடித்துத் தின்று வளரும். பிறகு ஒருநாள் புல் தண்டில் ஏறி, தோலுரித்துச் சிறகு விரிக்கும்.

அடர்ந்த காடாக இருந்தபோது இந்த மண்ணில் வெயில் விழும் நீர் குறைவு. காட்டை அழித்துப் பால் மரமும் பின்னர் செம்பனையும் நட்டார்கள்; கால்வாய் வெட்டினார்கள்; குட்டை தோண்டினார்கள். சிவப்புச் சிறகுக்கு வீடு கிடைத்தது. அந்த வீட்டைக் கட்டிய கைகளில் நம் தாத்தா பாட்டிகளின் கைகளும் உண்டு.

ஆனால் நிழலை நம்பிய தும்பிகள் வீடிழந்தன. டைரியோபாப்தா என்ற இன்னொரு குடும்பம் காட்டுச் சதுப்புகளில் மரத்தண்டோடு ஒட்டி உட்காரும்; காடு போனால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஜெலுபு பக்கத்தில் பாசோ வனக் காப்பகம் இருக்கிறது. அதன் மூன்று பக்கமும் செம்பனை. உள்ளே 50 ஹெக்டர் நிலத்தில், 1980களிலிருந்து விரல் பருமனான கன்றைக்கூட விடாமல் எண்ணி ஆராய்கிறார்கள். அப்படி மிஞ்சிய காடுகள்தான் நிழல் தும்பிகளின் கடைசி முகவரி.

இப்போது நீலாயிலும் லாபுவிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் போன இடத்தில் மாடி வீடுகள். கால்வாய் இருந்த இடத்தில் மூடி போட்ட சிமெண்ட் சாக்கடை. சிவப்புச் சிறகு பிடிவாதக்காரப் பூச்சி. பூங்காக் குளமோ வெள்ளத்தடுப்புக் குட்டையோ இருந்தால் வந்துவிடும். கரைப் புல்லை ஒட்ட வழிக்காமல், மருந்து தெளிக்காமல் விட்டால் போதும். குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாய் திறந்தாலே முடிகிற காரியம்.

வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணி வாக்கில், பிள்ளைகளைப் பக்கத்துக் குளத்துக்கு அழைத்துப் போய்ப் பாருங்கள். புல்நுனியில் சிவப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தால், உன் கொள்ளுத்தாத்தா வெட்டிய கால்வாயில் குடியிருந்தது இதுதான் என்று சொல்லிவையுங்கள்.