பந்தல் பிரித்த நாள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சிறுமலையின் அடிவாரத்தில் உள்ளது எங்கள் இல்லம். அதன் கொல்லையில் மூன்று சென்ட் காய்கறித் தோட்டம். மாசி பிறந்து பனி விலகியதும் அங்கே ஓர் அமைதி படிகிறது.

ஆடியில் ஊன்றிய அவரை ஐப்பசி மழையில் பந்தலேறி, மார்கழிப் பனியில் பூத்து, தை முழுவதும் எங்களை ஊட்டியது. இன்று கொடி காய்ந்துவிட்டது. புடலங்காய் வளையாமல் நீளுவதற்காகக் கட்டிய கற்கள் வெறுங்கயிற்றில் ஆடுகின்றன. முற்றிய பீர்க்கு கூடாகி நிற்கிறது.

என் அன்னையார், செழித்த காய்களிற் சிறந்தவற்றைத் தெரிந்து சிவப்பு நூல் கட்டிவிடுவார். "இவை அடுப்புக்கல்ல, அடுத்த ஆடிக்கு" என்பார். எவரும் பறிக்கத் துணியோம். 2019இல் அவர் மறைந்தார். அவ்வாண்டு நூல் கட்ட எனக்குத் தோன்றவில்லை. அனைத்தையும் சமைத்து உண்டுவிட்டோம். மறு ஆடியில் விதைப்பானை வெறுமையாயிருந்தது. கடை விதையும் காய்த்தது. ஆயினும் அது அம்மாவின் அவரையன்று.

செய்தி அறிந்த தமக்கையார் நத்தத்திலிருந்து ஒரு பிடி விதை கொணர்ந்தார். அவர் மணமாகிச் சென்றபோது அன்னை முந்தானையில் முடிந்தளித்த விதையின் வழிவந்தவை! நாங்கள் வைத்திருந்தது அழிந்தது; அன்னை கொடுத்தது நிலைத்தது. 'கொடுத்து வைத்தவர்' என்று நாம் வழங்கும் சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

இன்று பந்தலைப் பிரித்தேன். நூல் கட்டிய நெற்றுக்களை உரித்து, சாம்பல் கலந்து பானையில் இட்டேன். அதற்கு முன்பே, அண்டை வீட்டாருக்கென ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டேன்.